சின்ன ஸ்பெக்ட்ரத்தை முதல்முறை இயக்கும் முன்

பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியைப் புதிய போர்டில் மறுபடி கட்டிப் பார்க்கும் ஆர்வம் இப்போது பரவலாக இருக்கிறது. அதன் இதயமான, பல லாஜிக் சுற்றுகளை ஒன்றாக அடக்கிய யூஎல்ஏ சிப்பை ஃபெராண்டி நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. அந்த உற்பத்தி என்றோ நின்றுவிட்டது. கிறிஸ் ஸ்மித் என்ற பொறியாளர் அதன் உள்ளமைப்பை அலசி, சாதாரண லாஜிக் சிப்களைக் கொண்டே அதே வேலையைச் செய்ய வைத்தார். ஹார்லிக்வின் போர்டுகள் அப்படிப் பிறந்தவைதான்.

பழுது என்று என் மேசைக்கு வரும் இத்தகைய போர்டுகளில் சால்டரிங் பெரும்பாலும் நேர்த்தியாகவே இருக்கிறது. பல நாள் பொறுமையாக உட்கார்ந்து செய்திருப்பார்கள். அந்த உழைப்பு ஒரே நொடியில் வீணாகியிருக்கும். காரணம், கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்த்ததுதான்.

பழைய ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டர் 9 வோல்ட், 1.4 ஆம்பியர். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரத்துக்கோ நடுமுனை நெகட்டிவ். பிளக் கச்சிதமாகப் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. மறுவடிவப் போர்டுகளில் சில பழைய முறையையே வைத்திருக்கின்றன, சில மாற்றிவிட்டன, சில 5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும். உங்கள் போர்டு எந்த வகை என்பதை அதன் மேல் அச்சிட்டிருப்பதையும் கையேட்டையும் பார்த்து உறுதி செய்யுங்கள். அடாப்டரின் மேல் இருக்கும் படத்தை மட்டும் நம்பாதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். சிவப்பு முனையை பிளக்கின் நடுத்துளையிலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுமுனை நெகட்டிவ். பழைய அசல் அடாப்டர் சுமை இல்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அது பழுதல்ல, அதன் வடிவமைப்பே அப்படித்தான். ஆனாலும் புதிய போர்டுக்கு, மின்னழுத்தம் மாறாமல் தரும் புதிய அடாப்டரே நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, சாக்கெட்டுகளில் சிப் எதையும் பொருத்தாமல் மின்சாரம் கொடுங்கள். கணினியின் செயலியான இசட்80 சிப்புக்குரிய சாக்கெட்டின் 11ஆம் காலுக்கும் 29ஆம் காலுக்கும் இடையே 5 வோல்ட் வர வேண்டும். வந்த பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, சிப்பின் தலைப்பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பொருத்துங்கள்.

இசட்80 வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. தனிச் சிப்பாக விற்றுவந்த இசட்80 உற்பத்தியை நிறுத்துவதாக ஸைலாக் நிறுவனம் 2024இல் அறிவித்தது. பழைய சிப்பின் மேற்பரப்பைச் சுரண்டி, கறுப்புப் பூச்சடித்து, வேறு பெயர் அச்சிட்டு விற்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது மறுபூச்சு கண்ட சரக்கு. அது ஓடவும் கூடும். ஆனால் நீங்கள் காசு கொடுத்த சிப் அதுவாக இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தால் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, கீழே சின்க்ளேரின் 1982 காப்புரிமை வரி தோன்றும். அத்துடன் மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். நினைவகம் முழுவதும் வேலை செய்கிறதா என்று பார்க்க, பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 (PRINT PEEK 23732 + 256 * PEEK 23733) என்று கட்டளை கொடுங்கள். பிரிண்ட் முழுச்சொல்லும் பி என்ற ஒரே விசையில் வரும். பீக் வேண்டுமானால் இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ விசையை அழுத்த வேண்டும். விடை 65535 என்றால் 48 கேபி நினைவகம் முழுவதும் வேலை செய்கிறது. 32767 என்றால் கணினிக்கு முதல் 16 கேபி மட்டுமே தெரிகிறது. மேல் நினைவகச் சிப்களைப் பாருங்கள்.

ரப்பர் விசைப்பலகைக்கு அடியில் உள்ள மெல்லிய தாளிலிருந்து இரண்டு நாடாக்கள் வரும். ஒன்றில் 5 தடங்கள், மற்றதில் 8. சாய்வாகத் திணித்தால் தடம் விரிசல் விடும். 1 முதல் 5 வரை மட்டும் செத்துப்போனதுபோல் வரிசையாக ஐந்து விசைகள் வேலை செய்யாவிட்டால் 8 தட நாடாவில் ஒன்று போய்விட்டது என்று பொருள். எட்டு விசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனால் 5 தட நாடாவைப் பாருங்கள்.

கடைசியாக, பின்பக்க விளிம்பு இணைப்பு. ஜாய்ஸ்டிக் பெட்டியோ மெமரி கார்டு பெட்டியோ அங்கேதான் செருகப்படும். செயலியின் தடங்கள் நேரடியாக அங்கே வெளிவருகின்றன. 9 வோல்ட்டும் அருகிலேயே ஓடுகிறது. மின்சாரம் இருக்கும்போது செருகினால், சற்றே சாய்ந்த அந்த ஒரு கணத்தில் 9 வோல்ட் தரவுத் தடத்தைத் தொட்டு இசட்80ஐ எரித்துவிடும். அசல் ஸ்பெக்ட்ரத்தில் பவர் சுவிட்சே கிடையாது. பல மறுவடிவங்களிலும் இல்லை. எனவே எந்தப் பெட்டியைச் செருகவும் எடுக்கவும் முதலில் அடாப்டர் பிளக்கைக் கழற்றுங்கள்.