மூன்று பேர் கூடினால் கடை ஏன் கவிழ்கிறது?

அட்டனில் ஏறிய நல்லதண்ணி பஸ்ஸில் அக்கா மகன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டிக்கோயா போனது, நோர்வூட் போனது, மவுசாகலை நீர்த்தேக்கம் ஜன்னலோரம் வந்து நின்றது. அவன் தலை நிமிரவில்லை. போனில் ஒரு தேத்தண்ணிக் கடை நடத்திக்கொண்டிருந்தான். ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு. காக்க வைத்தால் கோடு மஞ்சளாகி, சிவந்து, தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் அந்த ஆள் கோபத்தோடு வெளியேறிவிடுகிறார். மஸ்கெலியா வரும்போது கடை நிறையச் சிவப்புக் கோடுகள்தான்.

"மாமா, போன லெவல்ல 54 பேரு வந்தாங்க, சமாளிச்சிட்டேன். இதுல 57. மூணே மூணு பேருதான் கூட. அதுக்கு எப்புடி மாமா கடையே கவுந்துச்சு?"

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். பஸ்ஸில் வந்த அந்தக் கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட கணிதம் பதிலாக இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அந்த விளையாட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

திரையில் தெரியும் கடை வெறும் படம். அடியில் ஓடுவது ஒரு கடிகாரமும் ஒரு பட்டியலும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் ஒரு வரி: எப்போது வந்தார், என்ன கேட்டார், பொறுமை எவ்வளவு மிச்சம், இப்போது எந்த நிலையில் இருக்கிறார். நிலைகள் ஐந்தாறுதான். வந்தார், காத்திருக்கிறார், கேட்டார், குடிக்கிறார், காசு கொடுத்தார், போனார். கடிகாரம் ஒரு துடிப்புத் துடிக்கும்போதெல்லாம் நிரல் பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை வாசித்து, காத்திருப்பவர்களின் பொறுமையில் கொஞ்சம் கழித்து, முடித்தவர்களை அடுத்த நிலைக்குத் தள்ளுகிறது. ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடந்துவிடும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பதை மட்டும் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறது. நம் கண்ணுக்குக் கோபக்கார மனிதராகத் தெரிபவர் உள்ளே பூச்சியத்தைத் தொட்ட ஓர் எண்.

போனை அணைத்து வைத்தாலும் கடை சம்பாதித்துக்கொண்டிருப்பதாகச் சில விளையாட்டுகள் காட்டும். உண்மையில் அந்த நேரத்தில் எதுவும் ஓடுவதில்லை. நீங்கள் வெளியேறிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, கிடைத்த விநாடிகளை வருமானத்தால் பெருக்கிக் கையில் கொடுக்கும். போனின் திகதியை முன்னே தள்ளி வைத்துக் காசு எடுக்கும் வித்தையைப் பிள்ளைகள் கண்டுபிடித்தது இதனால்தான். பிறகு பல விளையாட்டுகள் போனை நம்பாமல் தங்கள் சேவையகத்திடம் நேரம் கேட்கத் தொடங்கின.

இப்போது அவன் கேள்வி. ஒரு லெவல் என்பது கடையில் ஒரு மணித்தியாலம், ஒருவரைக் கவனித்து அனுப்பச் சராசரியாக 1 நிமிடம் பிடிக்கிறது என்று வைப்போம். மணித்தியாலத்துக்கு 60 பேரைக் கவனிக்கலாம். 57 பேர்தானே வருகிறார்கள், இன்னும் 3 பேருக்கு இடம் இருக்கிறதே என்று மனம் கணக்குப் போடும். ஆட்கள் சம இடைவெளியில், மணி அடித்தாற்போல் வந்து, ஒவ்வொருவருக்கும் சரியாக 1 நிமிடமே பிடித்திருந்தால் அந்தக் கணக்குச் சரி. ஆனால் அவர்கள் சில நேரம் நாலு பேராக வருவார்கள், சில நேரம் ஈ கூட வராது. சும்மா நின்ற நிமிடத்தைக் கடைக்காரர் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. அது போனது போனதுதான். நாலு பேர் ஒன்றாக வந்த நிமிடத்தின் பாக்கியோ அடுத்தடுத்த நிமிடங்களின் தலையில் ஏறிக்கொள்கிறது.

வருகையும் கவனிக்கும் நேரமும் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கடையின் வேகத்திலிருந்து வருகையின் வேகத்தைக் கழித்து, கிடைக்கும் விடையால் 1-ஐ வகுத்தால் போதும். மணித்தியாலத்துக்கு 48 பேர் வந்தால் நிமிடத்துக்கு 0.8. ஒன்றிலிருந்து கழித்தால் 0.2. வந்தவர் வெளியேற 5 நிமிடம். 54 பேர் வந்தால் 10 நிமிடம். 57 பேர் வந்தால் 20 நிமிடம். கடைக்குள் நிற்பவர்களை எண்ணினால் முறையே 4, 9, 19. 48-லிருந்து 54-க்கு ஆறு பேர் கூடியபோது காத்திருப்பு இரட்டித்தது. அடுத்த இரட்டிப்புக்கு மூன்று பேர் போதுமாக இருந்தது. 60-ஐத் தொட்டால் இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது, வரிசை வளர்ந்துகொண்டே போகும். விளையாட்டில் 19 பேர் வரிசையில் நிற்க மாட்டார்கள், பொறுமை தீர்ந்து போய்விடுவார்கள். அதனால் அந்த வரிசை அவனுக்குச் சிவப்புக் கோடுகளாகவும் பறிபோன நட்சத்திரங்களாகவும் தெரிந்தது.

இந்தக் கணிதத்துக்கு அடிக்கல் நாட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங். கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தவர். எத்தனை இணைப்புகள் வைத்தால் அழைப்பவர்கள் காத்திருக்காமல் பேசலாம் என்பது அவருடைய கவலை. 1909-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த கணிதம்தான் இன்று வங்கி வரிசைக்கும் ஆஸ்பத்திரி வரிசைக்கும் இந்தப் பொம்மைத் தேத்தண்ணிக் கடைக்கும் பொருந்துகிறது.

ஒரு நல்ல கடை நடத்தும் விளையாட்டின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். சமன்பாட்டை எழுதிக் காட்டினால் என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். அதே சமன்பாடு சிவப்புக் கோடாக வந்து அடித்தால் மறக்காது. இன்னொன்றையும் அது கற்றுத் தருகிறது. கடை மெதுவாக இருந்தால் எதைக் கூட்டுவது? பிள்ளைகள் முதலில் மேசை வாங்குவார்கள். மேசை கூடினால் உட்கார்ந்து காத்திருக்கும் ஆட்கள் கூடுவார்கள், அவ்வளவுதான். அடுப்பு ஒன்றே என்றால் கடையின் வேகம் அடுப்பின் வேகம்.

மலையகத்தில் இதை விளக்க எனக்கு அடுப்பு தேவைப்படுவதில்லை. தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டினால் போதும். பச்சைக் கொழுந்து 5 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோ தூள் வரும், மிச்சம் பெரும்பாலும் நீர். அந்த நீரில் ஒரு பங்கை முதலில் வாட்டி எடுக்க வேண்டும். கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பிக் காற்றை ஊதவிட்டு, பல மணித்தியாலம், சில ஸ்டோர்களில் ஓர் இரவு முழுக்க வைத்திருப்பார்கள். அதன் பிறகுதான் அரைப்பு, நிறம் மாறவிடுவது, உலர்த்துவது, சலிப்பது எல்லாம். ஏப்ரல், மே மாதங்களில் மழை விழுந்து கொழுந்து கொழிக்கும்போது மடுவத்தில் நிறுவை ஓயாது, லொறி ஓயாது. ஆனால் வாட்டும் தட்டின் நீளம் அதேதான். அந்த நேரம் அரைக்கும் இயந்திரம் இன்னொன்று வாங்கிப் போட்டாலும் ஒரு கிலோ தூள் கூடாது. குவித்து வைத்த கொழுந்து உள்ளுக்குள் சூடேறிச் சிவந்து பாழாகும். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எடுத்த கொழுந்து அது. ஆகவே இடறும் இடம் எது என்று கண்டுபிடிக்கும் கணக்கை அவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லிக் கொடுப்பேன்.

இந்த வகையின் ஆரம்பகால விளையாட்டுகளில் ஒன்று பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்தது. 1964-இல் அமெரிக்காவில் மேபல் அடிஸ் என்ற பள்ளி ஆசிரியை, ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் 'சுமேரிய விளையாட்டு' என்ற ஒன்றை எழுதினார். விளையாடும் பிள்ளைதான் பண்டைய சுமேரியாவின் லகாஷ் நகரத்து அரசன். அறுவடைத் தானியத்தில் எவ்வளவு மக்களுக்கு உணவு, எவ்வளவு விதை, எவ்வளவு சேமிப்பு என்று தட்டச்சுச் செய்தால், அடுத்த பருவம் எப்படிப் போனது என்று இயந்திரம் தாளில் அடித்துக் கொடுக்கும். வர்ணமும் இல்லை, பாட்டும் இல்லை. முடிவெடு, விளைவைப் பார், மறுபடி முடிவெடு. இன்றைய கடை விளையாட்டுகள் அத்தனையும் சுற்றுவது இந்தச் சக்கரத்தில்தான்.

அப்படியானால் விளையாடுகிறவர்களுக்கு எரிச்சல் எங்கே வருகிறது? வரிசையால் வரும் தோல்வியை நான் நேர்மையான கஷ்டம் என்பேன். காரணம் இருக்கிறது, கண்டுபிடித்தால் தீர்க்கலாம். இன்னொரு கஷ்டம் விலைப்பட்டியலுக்குள் ஒளித்து வைக்கப்பட்டது. 2013-இல் வந்த 'குக்கீ கிளிக்கர்' என்ற விளையாட்டில் ஒரு பொருளை வாங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். பின்னால் வந்த பல விளையாட்டுகள் இதே போன்ற ஏணியை வைத்துக்கொண்டன. 15 சதவீதம் சின்னதாகத்தான் தெரியும். முதல் கேத்தல் 100 ரூபா, ஒரு கேத்தல் விநாடிக்கு 1 ரூபா சம்பாதிக்கும் என்று வையுங்கள். இரண்டாவது கேத்தல் 115 ரூபா, 2 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். 50 கேத்தல் சேர்ந்த பிறகு அடுத்ததன் விலை 1 லட்சத்து 8 ஆயிரத்தைத் தாண்டும், காத்திருப்பு 36 நிமிடம். 70 சேர்ந்தால் 7 மணித்தியாலம். 100 சேர்ந்தால் 13 நாளுக்கும் மேல். வருமானம் கேத்தலுக்கு ஒன்று ஒன்றாகக் கூட்டலில் ஏறுகிறது, விலை பெருக்கலில் ஏறுகிறது. கூட்டல் பெருக்கலை ஓடிப் பிடிக்கவே முடியாது.

விளையாடுகிறவருக்கு இது தெரிவதில்லை. முதல் நாள் நன்றாக நடத்தினேனே, இன்று என்ன பிழை விட்டேன் என்று தேடுவார். பிழையே இல்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு பெட்டி வந்து, உண்மைக் காசுக்கு ரத்தினக்கல் வாங்கினால் காத்திருக்க வேண்டாம் என்கிறது. அக்கா மகன் ரீலோட் காசில் 200 ரூபாவை அப்படி விட்டிருக்கிறான். அம்மா கொழுந்தெடுத்த காசு. 2009-இல் வந்த 'ஃபார்ம்வில்' வேறு வழியில் பிடித்து இழுத்தது. நட்டதை நேரத்துக்கு அறுக்க வராவிட்டால் பயிர் வாடிப்போகும். இழக்கப்போகிறோம் என்ற பயம் மனிதர்களை நள்ளிரவிலும் எழுப்பும். இந்த இரண்டையும் நான் கஷ்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். யோசித்துத் தாண்ட அங்கே எதுவும் இல்லை.

வேலைக்கு ஆள் வைத்ததும் இன்னொரு சலிப்பு வரும். எல்லாம் தானாக ஓடும், நாணயம் பொறுக்குவது மட்டும் மிச்சம். முடிவெடுக்க ஒன்றும் இல்லாத முதலாளிக்கு விளையாட்டு முடிந்துவிட்டது, திரைதான் அதைச் சொல்லாது.

அந்தக் கடையில் இல்லாதவற்றையும் அவனிடம் சொன்னேன். அங்கே கொப்பிக் கடன் இல்லை. சம்பள நாள் வரை எழுதி வைத்துச் சாமான் கொடுக்கும் கடை அந்தக் கணக்கில் அடங்காது. அரிசி, சீனி விலை அங்கே ஏறுவதே இல்லை. 2022 செப்டெம்பரில் இங்கே ஒரே வருசத்தில் விலைவாசி ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியதை அவன் அப்பா கடையில் நின்று பார்த்தவர். வேலைக்காரர் அங்கே ஓர் எண். வேகம் 1, பொத்தானை அழுத்தினால் வேகம் 2. அக்காவின் வேகம் மழையில் வேறு, அட்டை கடித்த அன்று வேறு, கவ்வாத்து முடிந்த மலையில் வேறு. குறித்த கிலோ வராத நாளில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். ஏர்லாங்கின் கணக்கிலும் கவனிப்பவர் ஓர் எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் முதுகில் கூடையோடு ஒரு ஆள் நிற்பதை அவளுடைய மகனுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். அவன் பதில் சொல்லவில்லை, போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

நல்லதண்ணியில் அவன் அப்பா, என் மச்சான், சீசன் கடை போட்டிருக்கிறார். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை ஏறும் கூட்டம் இரவெல்லாம் அந்த வழியாகப் போகும். அன்று பௌர்ணமிக்கு முதல் நாள். பத்து மணிக்கெல்லாம் வரிசை நின்றது. "இன்னொரு அடுப்பு வாங்கணும்" என்று மச்சான் புலம்பினார். "இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவன் பழைய கொப்பியும் போனில் நிறுத்தற் கடிகாரமுமாக மூலையில் உட்கார்ந்து 40 பேரைக் குறித்தான். ஒருவருக்குச் சராசரி 1 நிமிடம். அதில் தேத்தண்ணி ஊற்றி வடை எடுத்துக் கொடுக்க 25 விநாடி. மிச்சம் 35 விநாடியும் சில்லறை தேட. தேத்தண்ணி 60, வடை 70, நீட்டுவது 500 ரூபா, 1000 ரூபாத் தாள்.

அடுப்பு இடறவே இல்லை. தேத்தண்ணியும் இரண்டு வடையும் சேர்த்து 200 ரூபா என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். காசு வேலை 15 விநாடிக்கு இறங்கியது. ஒருவருக்கு 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு ஒன்றரைப் பேர். பஸ்ஸில் போட்ட கணக்கையே மறுபடி போட்டான். 57 பேர் வந்தால் நிமிடத்துக்கு 0.95. ஒன்றரையிலிருந்து கழித்தால் 0.55. காத்திருப்பு 20 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கும் கீழே. எழுதியதை நம்பாமல் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தான்.

உண்மைக் கடையில் ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை, பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். அதைக் கணக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் வெளிச்சம் விழுந்தது. அடுத்தடுத்து இரண்டு பஸ். மச்சான் கேத்தலைத் தூக்க, அவன் ஐம்பதும் நூறுமாக அடுக்கி வைத்த பால்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, காசு வாங்கும் பக்கம் போய் உட்கார்ந்தான்.