நாடியில் விரல் வைத்திருந்த அக்கா

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த அந்த அக்கா, கதிரையில் இருந்த நேரத்திலிருந்து ஆட்காட்டி விரலை நாடியிலிருந்து, அதாவது மோவாயிலிருந்து, எடுக்கவே இல்லை. தையல் வேலை செய்பவர். 'கழுத்துச் சுளுக்கு' என்று துண்டில் எழுதி எங்கள் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். "விரலை எடுங்கோ அக்கா, கழுத்தைப் பாப்பம்" என்றேன். எடுத்தார். தலை மெல்ல இடது தோள் பக்கம் திரும்பி, அங்கேயே நின்று நடுங்கியது. திரும்ப விரலை வைத்ததும் நேரே வந்தது.

"இப்பிடித்தான் மிஸ், ரெண்டு வருசமா. விரலை வைச்சா நிக்குது. ரெண்டு கையும் துணியில இருக்கேக்க நான் எதை வைக்கிறது?"

அவர் விரலால் அழுத்தவில்லை, சும்மா தொட்டார், அவ்வளவுதான். அந்தத் தொடுகை மூளைக்குப் போய்ச் சேர, மூளை தசைக்கு அனுப்பும் பிழையான கட்டளை கொஞ்ச நேரம் அடங்குகிறது. சுளுக்கு இப்படித் தொட்டதும் அடங்காது. இந்த நோய்க்கு டிஸ்டோனியா என்று பெயர். 1911இல் ஒப்பன்ஹைம் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர் அது. கோளாறு இருப்பது கழுத்தில் அல்ல, அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளில். கழுத்தில் வருவதுதான் அதிகம். சிலருக்குக் கண் இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும். சிலருக்குப் பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல்கள் முறுகும், அதே கையால் தேங்காய் துருவ ஒரு தடையும் இருக்காது. இதைப் பார்க்கிறவர்கள் நடிப்பு என்கிறார்கள். நடிப்பு இல்லை. குறிப்பிட்ட ஒரு வேலையில் மட்டும் வருவதும் இந்த நோயின் ஒரு வகைதான்.

அக்கா அந்த இரண்டு வருசத்தில் நோவெண்ணெய் பூசியிருக்கிறார், பத்துப் போட்டிருக்கிறார், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். நேர்த்தி வைப்பதை நான் ஒருநாளும் தடுப்பதில்லை. ஆனால் ஒருவர் அவரின் தலையைப் பிடித்து 'கடக்' என்று திருப்பியும் விட்டிருக்கிறார். அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கழுத்தெலும்புகளுக்குள்ளால்தான் போகிறது. அது கிழிந்தால் பாரிசவாதம் வரலாம்.

"இதுக்கு எது நல்ல மருந்து மிஸ்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால், இது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். சில காரணங்களுக்கு நேரடி வைத்தியம் இருக்கிறது. அவற்றைத் தவறவிட்டால் வருசக்கணக்கில் வீணாகக் கஷ்டப்பட வேண்டி வரும்.

சத்திக்குக் குடுக்கிற குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மெற்றோகுளோபிரமைட் என்ற மருந்து, முக்கியமாக இளம் வயதினருக்கு, சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் கழுத்தை முறுக்கி, கண்ணை மேலே செருக வைக்கும். மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோலும் இதைச் செய்யும். இப்படி வந்த ஒரு பிள்ளையைப் பேய் பிடித்தது என்று பூசாரியிடம் கொண்டுபோய், விடியத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு ஊசியோடு அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளை எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டது. அப்படி நடந்தால், கடைசியாகப் போட்ட குளிசையின் மட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். டொக்டருக்குப் பாதி விடை அதிலேயே இருக்கும். அதே நேரம், மனநல கிளினிக்கில் தரும் மருந்தை இதை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்றுவதென்றால் அந்த டொக்டர்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள். காலையில் நன்றாக ஓடித் திரிந்த பிள்ளை, பின்னேரமானால் பாதம் உள்ளே திரும்பி நொண்டுகிறது. நித்திரை கொண்டு எழும்பினால் சரியாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கள்ளம் என்கிறார்கள். மூளையில் டோபமின் என்ற இரசாயனம் போதியளவு உருவாகாததால் வரும் ஒரு வகை இது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபாவைச் சிறிய அளவில் கொடுத்தாலே, சில நாட்களில் அல்லது சில கிழமைகளில் அந்தப் பிள்ளை வேறு பிள்ளையாகிவிடும். என் வேலையில் இதைவிடச் சந்தோசமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால் சிறு வயதில் டிஸ்டோனியா தொடங்கினால், "லெவோடோபா கொடுத்துப் பார்த்தீங்களா டொக்டர்?" என்று பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். வில்சன் நோயையும் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஈரலிலும் மூளையிலும் செம்பு சேரும் பரம்பரை நோய் அது. சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் வரும் வாய்ப்பு கூட. இரத்தமும் சிறுநீரும் சோதித்து, கண்ணையும் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். மருந்தும் இருக்கிறது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலையில் காயம் பட்டவர்களுக்கு மாதங்கள், சில வேளை வருசங்கள் கழித்தும் டிஸ்டோனியா தொடங்கலாம். 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த பலரின் உடம்பில் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். கண், மூளை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். பழையதைக் கிளற விருப்பமில்லாமல் சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த மனநிலை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சொல்லுங்கள்.

இப்படியான காரணங்கள் எதுவும் இல்லையென்றான பிறகுதான், எந்த வைத்தியம் என்ற கேள்வி வரும். அக்காவிடம் நான் திருப்பிக் கேட்டது, "எந்த வேலை செய்ய ஏலாமக் கிடக்கு?" என்றுதான். குளிசையோ ஊசியோ நோயை அடியோடு எடுக்கப் போவதில்லை. ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து இன்னொன்றை எடுக்கும். எதை இழக்கலாம், எதை இழக்கவே முடியாது என்பது ஆளுக்கு ஆள் வேறு.

தசை இறுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் பென்செக்ஸோல் குளிசை கைக்கெட்டின தூரத்தில் கிடைக்கும், மலிவு. பிள்ளைகள் கூடின அளவையும் தாங்குவார்கள். பெரியவர்களுக்கு வாய் காயும், மலம் இறுகும், கிட்டப் பார்வை மங்கும், வயதானவர்களுக்கு மறதியும் வரும். ஊசியில் நூல் கோர்க்கிற அக்காவுக்குப் பார்வை மங்கினால் என்ன செய்வது? கமக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து: இந்த மருந்து வியர்வையைக் குறைக்கும். சிறுபோக அறுவடை வெயிலில் வியர்க்காமல் நிற்பவரின் உடம்பு கொதித்துப் போகும். இதே இறுக்கத்துக்குக் கொடுக்கும் வேறு குளிசைகளும் இருக்கின்றன. குளோனசெபாம் நித்திரையைத் தரும், போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது. பக்லோபனைத் திடீரென நிறுத்தக்கூடாது.

கழுத்துக்கும் கண் இமைக்கும் முதலில் யோசிக்க வேண்டியது பொட்டுலினம் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போடொக்ஸ்தான். இறுகும் தசையைக் குறிவைத்துப் போட்டால் சில நாட்களில் இளகத் தொடங்கும். பலன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். 12 கிழமைக்கு முன் போடுவது நல்லதல்ல, உடம்பு அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடலாம். கழுத்தில் போட்டால் சிலருக்குக் கொஞ்ச நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும். எந்தப் பெயருள்ள மருந்து, எத்தனை யூனிட், எந்தத் திகதி என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஒரு கொம்பனியின் 100 யூனிட்டும் இன்னொன்றின் 100 யூனிட்டும் ஒன்றல்ல. டொக்டர் மாறும்போது இந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும்.

என் பங்கான பயிற்சி இந்த ஊசி வேலை செய்யும் கிழமைகளில்தான் நன்றாகப் பிடிக்கும். பயிற்சி மட்டும் போதும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் பற்றரி பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் சத்திரசிகிச்சை, மருந்துக்கு அடங்காத கடும் டிஸ்டோனியாவுக்கு உண்மையிலேயே உதவுகிறது. பரம்பரை வகைகள் சிலவற்றில் நல்ல பலன். தலைக்காயத்தால் வந்ததில் பலன் குறைவு, முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்புகிறார், மிச்சத்துக்குக் காணியை விற்று மகனை இந்தியாவுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று ஒரு குடும்பம் வந்தது. லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்களா, வில்சன் சோதித்தார்களா என்று கேட்டேன். இரண்டும் நடந்திருக்கவில்லை. அந்தக் கருவியைப் பல மாதங்களுக்குத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், ஊருக்கு வந்தபின் யார் செய்வார்கள், பற்றரி முடிந்தால் எங்கே போவீர்கள் என்றும் கேட்டேன். காணியை விற்கிறதை நிறுத்தி, முதலில் நரம்பியல் கிளினிக்குக்குப் போனார்கள்.

அக்கா பொட்டுலினம் ஊசியைத் தெரிவு செய்தார். ஊசி போடப் போக வேண்டிய யாழ்ப்பாணம், முல்லைத்தீவிலிருந்து பரந்தன் ஊடாக நூறு கிலோமீற்றருக்கும் மேல், போய்வர ஒரு நாள் கூலி போகும். முதல் தடவை பத்து நாள் சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் குடித்தார். அடுத்த முறை அளவைக் குறைத்துப் போட்டார்கள். தலை முழுதாக நேரே நிற்கவில்லை, ஆனால் இரண்டு கையும் துணிக்கு வந்தது. போன கிழமை கொப்பியோடு வந்தவர், அடுத்த ஊசியைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முந்திப் போடக் கேட்கலாமா என்றார். அப்போதுதான் தையல் கூட வருமாம். முந்தின ஊசியின் திகதியை எடுத்து இரண்டு பேரும் கிழமைகளை எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்று வந்தது.