பேபி பவுடர் வாசனை பிள்ளைக்கு ஒன்றும் செய்யாதா?

கடந்த வாரம் கோண்டாவிலிலிருந்து ஓர் இளம் தாய், ஒரு பெட்டி நிறையச் சவர்க்காரத்துடன் என் பயிற்சி வகுப்புக்கு வந்தார். குழந்தையின் முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தன் கையாலேயே செய்த கட்டிகள் அவை. வெள்ளையாக ஊற்றியது எப்படி நடுவில் தேயிலைச் சாயம் போல மாறியது என்று கேட்கத்தான் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, அந்தச் சவர்க்காரம் தேய்த்துக் குளிக்கவார்த்த குழந்தைக்குக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவந்து தடித்ததையும், தோல் மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னதையும் சொன்னார். எவ்வளவு வாசனை எண்ணெய் விட்டீர்கள் என்று கேட்டேன். "மணம் காணாது எண்டு இன்னும் கொஞ்சம் விட்டனான் ரீச்சர். பேபி பவுடர்தானே, பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன்" என்றார்.

இந்தப் "பேபி பவுடர்தானே" என்ற சொல்லை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் என்ற கணக்கு இப்போது என்னிடம் இல்லை. பொறுமையும் அதிகம் இல்லை.

பேபி பவுடர் என்று பெயரொட்டிய வாசனை எண்ணெய்ப் போத்தலுக்குள் பவுடரும் இல்லை, குழந்தைக்கென்று தனியாகச் செய்த எதுவும் இல்லை. பவுடர் மணம் என்று நாம் சொல்வது, கூமரின், ஹீலியோட்ரோப்பின், அயனோன்கள், வனிலின், செயற்கைக் கஸ்தூரி வகைகள் போன்ற வாசனை இரசாயனங்களைச் சேர்த்துச் செய்யும் ஒரு கலவை. அதை முகர்ந்தவுடன் நம் மனதில் குளித்துப் பவுடர் பூசிய குழந்தை வந்து நிற்பது நம் பழக்கத்தால்தான். அந்தக் கலவைக்குக் குழந்தையைப் பற்றி எதுவும் தெரியாது. மூக்குக்கு மென்மையாக இருப்பது தோலுக்கும் மென்மையாக இருக்கும் என்று எந்த இரசாயன விதியும் சொல்லவில்லை. வாசனை ஒவ்வாமையைக் கண்டறிய மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பொருட்களின் பட்டியலில் இதே கூமரினும் இருக்கிறது. கோண்டாவில் குழந்தைக்கு வந்தது ஒவ்வாமையா வெறும் எரிச்சலா என்பதை மருத்துவர் சொல்லட்டும், அது என் வேலையல்ல. ஆனால் ஒவ்வாமை என்று ஒன்று ஒருமுறை வந்துவிட்டால் உடல் அந்தப் பொருளைப் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை என்பதையும், பிறகு வேறொரு தலை எண்ணெயிலோ கிரீமிலோ சிறிதளவு இருந்தாலும் தோல் சிவக்கும் என்பதையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

"அப்படியென்றால் இயற்கைப் பூ எண்ணெய் போடலாமா?" என்பது அடுத்த கேள்வி. ரோஜா எண்ணெயில் இயற்கையாகவே ஜெரானியோலும் சிட்ரோனெலோலும் லினலூலும் இருக்கின்றன. மூன்றும் ஐரோப்பிய ஒன்றியம் பெட்டியில் பெயர் குறிப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கும் ஒவ்வாமைப் பொருட்களே. கழுவிவிடும் பொருளொன்றில் அவை 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே, அதாவது 100 கிராம் கட்டியில் 10 மில்லிகிராமைத் தாண்டினாலே, பெயரை எழுத வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். முன்பு 26 ஆக இருந்த அந்தப் பட்டியல் 2023இல் 80க்கு மேல் நீட்டப்பட்டது. கழுவித்தானே விடுகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிறது. வாளியின் விளிம்பில் நீங்கள் பார்க்கும் அதே வெள்ளைப் படிவுதான் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தங்குகிறது.

மல்லிகை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் இங்கே எல்லோருக்கும் மல்லிகைதான் வேண்டும். முற்றத்து மல்லிகையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் சவர்க்காரம் காய்ச்சினால் அந்த மணம், எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காஸ்டிக் சோடாவைத் தாண்டி வராது. வீணாகப் பூவைப் பறிக்காதீர்கள். கடையில் வாங்கும் மல்லிகை வாசனை எண்ணெயிலும் முக்கிய பங்கு வகிக்கும் பென்சைல் அசற்றேற்று எஸ்தர் என்ற சேர்ம வகையைச் சேர்ந்தது என்பதால், காஸ்டிக் சோடா கொழுப்பை உடைப்பது போலவே அதையும் உடைக்கிறது. மணம் மெலிகிறது. மெலிந்தவுடன் போத்தலைக் கவிழ்க்கிறீர்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது, ஏனெனில் மணத்தைத் தருவது உடைந்து போனாலும் தோலைத் தாக்கக்கூடிய மற்றவை உடையாமல் இருக்கலாம்.

மலர் வாசனைகள் பல சட்டியிலேயே கலவையை இறுக்கியும் விடும், கராம்பு மணமுள்ள கார்னேஷன் வகை எல்லாவற்றிலும் மோசம். இரண்டு நிமிடத்தில் களி போலாகிவிட்ட கலவையை அகப்பையால் அச்சுக்குள் அமுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி அவசரப்பட்டதில் காஸ்டிக் சோடா சரியாகக் கலக்காமல் அங்கங்கே தங்கினால் அது வாசனையை விடப் பெரிய ஆபத்து. கலவையை ஆறவிட்டு, வாசனை எண்ணெயைக் கடைசியாக விட்டு, பிளெண்டரை வைத்துவிட்டுக் கையால் கலக்குங்கள். கோண்டாவில் தாய் கேட்ட தேயிலைச் சாயம் வனிலினால் வந்தது. அது தோற்றக் குறை மட்டுமே.

இனி வாங்கும் விடயம். பெரிய கானிலிருந்து சிறு போத்தலில் ஊற்றிப் பெயர் மட்டும் எழுதி விற்பதை வாங்காதீர்கள். அது மெழுகுதிரிக்கு வந்ததா, ஊதுபத்திக்கு வந்ததா என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. அந்த எண்ணெய்க்கான இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) சான்றிதழைக் கேளுங்கள். அதில் 9ஆம் வகை என்று இருப்பதுதான் கட்டிச் சவர்க்காரத்துக்கானது, அதற்கு நேரே உச்ச வீதம் இருக்கும். காகிதம் இல்லையென்றால் மெதுவாகப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய இருப்பையும் தவிருங்கள்: பள்ளத்தாக்கு லில்லி மணத்துக்குப் பல காலம் பயன்பட்ட லிரால், லிலியால் என்ற இரசாயனங்கள் இரண்டும் ஐரோப்பாவில் முறையே 2021இலும் 2022இலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்டவை. பெயரில்லாத பழைய போத்தலுக்குள் அவை இல்லை என்று யார் உறுதி சொல்வது?

துளிக் கணக்கு வேண்டாம். கஸ்தூரியார் வீதியில் பொன் நிறுக்கும் கவனத்தோடு தராசில் நிறுங்கள். சவர்க்காரம் காய்ச்சும் 1000 கிராம் எண்ணெய்க்கு வாசனை எண்ணெய் 30 கிராமைத் தாண்ட நான் விடுவதில்லை. சான்றிதழ் அதைவிடக் குறைத்துச் சொன்னால் சான்றிதழ் சொன்னபடிதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சான்றிதழின் வீதம் முடிந்த சவர்க்காரத்தின் நிறைக்கு, நம் கணக்கோ காய்ச்சும் எண்ணெயின் நிறைக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அடித்துப் பேச வராதீர்கள். விற்பதாக இருந்தால் உள்ளே போட்டதைப் பெட்டியில் எழுதுங்கள். வாங்குபவருக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருக்கலாம்.

பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் தயவுசெய்து வாசனை எதுவும் சேர்க்காதீர்கள். வீட்டுச் சவர்க்காரத்தின் காரத்தன்மையே அந்தத் தோலுக்கு அதிகம். அதற்கு மேல் நம் ஆசையையும் ஏற்ற வேண்டியதில்லை. கோண்டாவில் தாய் அந்தப் பெட்டியை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். சில கட்டிகள் ஏற்கெனவே உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.