பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பினால் வீடு தப்பாது

வீட்டுக் கடனில் நான்கைந்து மாதத் தவணை நின்றுபோயிருக்கிறது. ஒரு நாள் தபால்காரர் வங்கியின் பதிவுத் தபாலை நீட்டுகிறார். "ஆள் ஊரில் இல்லைன்னு சொல்லிடுங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. வாங்காவிட்டால் நோட்டீஸே வரவில்லை என்று பிறகு வாதாடலாம் என்ற நம்பிக்கை. அது நடக்காது. கடன்தாரர் நோட்டீஸைத் தவிர்க்கிறார் என்று தோன்றினால், அதை வீட்டு வெளிக்கதவில் ஒட்டி, இரண்டு செய்தித்தாள்களில் வெளியிட வங்கிக்குச் சர்பாசி சட்டத்தின் (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க இடம் தரும் சட்டம்) விதிகள் வழி தருகின்றன. உறையை வாங்காததால் போவது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் வாய்ப்பும், பாக்கியைக் கட்ட அந்த நோட்டீஸ் தரும் அறுபது நாள் அவகாசமும்தான்.

அந்த உறை திடீரென்று வருவதில்லை. மார்ச் 31-ல் கட்ட வேண்டிய தவணை நின்றால், ஏப்ரல் 30-ல் கணக்கு எஸ்எம்ஏ-1 என்ற எச்சரிக்கை நிலை, மே 30-ல் அடுத்த நிலையான எஸ்எம்ஏ-2, ஜூன் 29-ல் என்பிஏ, அதாவது வாராக்கடன். ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் சுற்றறிக்கையில் காட்டிய கணக்கு இது. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தவணை மாதம் 22,000 ரூபாய், மூன்று மாதப் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 29-க்கு முன் ஒரு தவணையைக் கட்டினால் அது மிகப் பழைய பாக்கியில் கழிந்து, என்பிஏ தேதி தள்ளிப்போகும். என்பிஏ ஆன பிறகு அதே 22,000-ஐக் கட்டினால் கணக்கின் நிலை மாறாது. அசல், வட்டி இரண்டிலும் உள்ள மொத்தப் பாக்கியும் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். "மாசாமாசம் கொஞ்சம் கட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்ற வாதம் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் எடுபடாததற்குக் காரணம் இதுதான். கையில் பணம் குறைவு என்றால் அதை எந்தத் தேதிக்கு முன் கட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

இனி உறையைப் பிரிப்போம். இது சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வரும் நோட்டீஸ். கடன் தொகையும், எந்தச் சொத்தின் மேல் வங்கி கை வைக்கப்போகிறது என்பதும் அதில் இருந்தாக வேண்டும். முதலில் என்பிஏ தேதியைக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அடுத்து, நீங்கள் கட்டிய தொகைகள் வரவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் தாமதத்துக்கு அபராத வட்டி போடக் கூடாது. அபராதக் கட்டணம்தான், அதையும் அசலில் சேர்த்து அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது. பிறகு சொத்து விவரம்: சர்வே எண், பரப்பு, நான்கெல்லை. அடமானம் வைத்தது ஒரு மனை, நோட்டீஸில் பக்கத்து மனையின் எண் என்ற தட்டச்சுப் பிழையும் நேரக்கூடியதே. நிலம் விவசாய நிலம் என்றால் 31(ஐ) பிரிவுப்படி சர்பாசி அதைத் தொடாது. ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பிழை தெரிந்தால் 13(3ஏ) பிரிவின்படி ஆட்சேபணை எழுத வேண்டும். கிளை மேலாளரிடம் வாயால் சொல்வது எங்கும் பதிவாகாது. நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அது கிடைத்த 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தருவது வங்கியின் கடமை. பதில் தராமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தால், பின்னால் தீர்ப்பாயத்தில் உங்கள் கையில் இருக்கும் வலுவான காகிதம் அந்த அட்டைதான். பதில் பிடிக்கவில்லை என்பதற்காக இந்தக் கட்டத்திலேயே தீர்ப்பாயத்துக்கு ஓட முடியாது. நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி வீட்டை விற்பதும் குத்தகைக்கு விடுவதும் கூடாது.

அறுபது நாள் முடிந்தால் சுவாதீன அறிவிப்பு, அதாவது சொத்தை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு. கதவில் ஒட்டுவார்கள், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று தமிழில். பெரும்பாலும் இது அடையாள சுவாதீனம். ஆள் வெளியேற வேண்டியதில்லை, பூட்டும் விழாது. அதனாலேயே காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் 17-வது பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடுவதற்கான 45 நாள் அன்றே ஓடத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. "சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் 34-வது பிரிவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பாயத்தில் தோற்றால் மேல்முறையீட்டுக்குக் கடன் தொகையில் பாதியை, தயவு காட்டினாலும் கால்வாசியை, முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஆகவே முதல் மனுவிலேயே முழுக் கவனமும் வேண்டும்.

ஆளை வெளியேற்ற வங்கி 14-வது பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ போகும். ஜாமீன் போட்டவர்கள் "முதலில் கடன் வாங்கியவனைப் பிடியுங்கள்" என்று சொல்வது சட்டத்தில் நிற்காது. ஜாமீன்தாரர் அடமானம் வைத்த சொத்தின் மீது வங்கி நேராகவே வரலாம்.

கடைசிக் கட்டம் ஏலம். பழைய சட்டப்படி விற்பனை முடியும்வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்றிருந்தது. இன்றும் பலர் நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான். 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) பிரிவு சொல்வது வேறு: ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன் மொத்தப் பாக்கியும் செலவும் கட்டினால்தான் விற்பனையை நிறுத்தும் உரிமை உண்டு. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதாவது, ஏல விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு நகையை அடகு வைக்க ஓடினால் காலம் கடந்துவிட்டது. ஒருமுறைத் தீர்வு (ஒப்புக்கொண்ட ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிப்பது) பேசுவதானாலும் சுவாதீன அறிவிப்புக்கு முன்பே பேசுவது நல்லது. வங்கி அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

விளம்பரம் வந்த பிறகு மிஞ்சுவது நடைமுறைப் பிழைகள் மட்டுமே. முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு தந்தார்களா, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கிய பிறகுதான் குறைந்தபட்ச விலை வைத்தார்களா, ஏலம் எடுத்தவர் கால்வாசித் தொகையை அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்டினாரா? விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

முழுக் கடனையும் கட்டித் தீர்த்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள உத்தரவு. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் (பத்திரத்தை ஈடாக வங்கியிடம் கொடுத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், வங்கி அதிகாரியை வரவழைத்து, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணமும் பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.