பரணில் கிடக்கும் வேக்குவம் கிளீனரை ஓட வைப்பது

குமரி மாவட்டத்தில் குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு பக்கம் பழைய கல்ஃப் வீடுகளில் பரணைத் துழாவினால் சில சாமான்கள் தவறாமல் கையில் தட்டும். ஒரு டேப் ரெக்கார்டர், பூப்போட்ட போர்வை வந்த பெட்டி, அப்புறம் ஒரு வேக்குவம் கிளீனர். எழுபது, எண்பதுகளில் லீவுக்கு வந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்தது. சிவப்பு சிமென்ட் தரைக்கு வாரியலே போதும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட, நாலைந்து தடவை ஓடிய மெஷின் மேலே ஏறிவிட்டது. இப்போது வீட்டை இடித்துக் கட்டும்போது எடைக்கு எடை, பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைக்குப் போகிறது. அதற்கு முன்னால் மடக்கிப் பிடித்து, கழற்றித் துடைத்து, ஓட வைத்துப் பார்க்கிற பைத்தியம் சிலருக்கு உண்டு. எனக்கும்.

மெஷின் தூசியை இழுப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. உள்ளே இருக்கிற விசிறி காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கிப் பாய்கிறது, போகிற போக்கில் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல நிலையில் உள்ள வீட்டு மெஷினின் குழாய் வாயை அடைத்தால் உள்ளே அதைவிட 20 கிலோபாஸ்கல் வரை குறையும். பழைய மெஷின் 15 காட்டினாலே நான் மரியாதை கொடுப்பேன். 32 மி.மீ. விட்டமுள்ள குழாய் வாயை உள்ளங்கையால் மூடினால், அந்த 15 கிலோபாஸ்கல் ஒன்றேகால் கிலோ எடை அழுத்துவது போலக் கையை உள்ளே தள்ளும்.

கிணற்று மோட்டாருக்கும் இதே கணக்குதான். மேட்டில் வைத்த பம்ப் எவ்வளவு பெரியதானாலும் 10 மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று, அதன் பலம் அவ்வளவுதான். நடைமுறையில் 25 அடியிலேயே மூச்சு முட்டிவிடும்.

விசிறி என்றதும் மேலே தொங்குவதை நினைக்க வேண்டாம். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வளைந்த இதழ்கள். காற்று நடு ஓட்டை வழியே நுழைந்து விளிம்பு வழியே வீசியெறியப்படுகிறது. 14 செ.மீ. விட்டமுள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 400 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கிடைக்கிற அழுத்தம் இந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்து சதவீதம் குறைந்தால் அழுத்தம் பத்தொன்பது சதவீதம் போய்விடும். அதனால்தான் மோட்டாரில் கொஞ்சம் சோர்வு தட்டினாலும் மெஷின் சுத்தமாகப் படுத்துவிடுகிறது.

இவ்வளவு வேகம் தருகிற மோட்டாரை நாம் தினமும் அடுக்களையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நம் மிக்ஸியில் உள்ள அதே ஜாதி, யுனிவர்சல் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண இன்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. யுனிவர்சல் மோட்டாருக்கு அந்தக் கட்டு கிடையாது. வெளியே உள்ள ஃபீல்டு காயிலும் சுற்றுகிற ஆர்மேச்சரும் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், மின்சாரம் திசை மாறும்போது இரண்டிலும் ஒரே நேரத்தில் மாறுகிறது. இரண்டு காந்தமும் சேர்ந்தே புரள்வதால் திருகுவிசை மட்டும் ஒரே பக்கம் நிற்கிறது. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50இலும் ஓடும்.

வோல்டேஜ் விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. சவூதியில் பல காலம் வீடுகளில் 127 வோல்ட் ஓடியது. அங்கிருந்து வந்த மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால், கண்டபடி வேகமெடுத்து, ஆர்மேச்சர் கருகி, வார்னிஷ் நாற்றத்தோடு கதை முடியும். அடியில் ஒட்டியிருக்கிற தகட்டை முதலில் படிக்க வேண்டும். 110 அல்லது 127 என்று இருந்தால், தகட்டில் போட்ட வாட்ஸைத் தாங்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

பழைய கதையையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். 1901இல் இங்கிலாந்தின் ஹியூபர்ட் செசில் பூத், நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். துணியின் அடிப்பக்கம் அழுக்கு படிந்தது, வழி தெரிந்துவிட்டது. அவர் செய்த மெஷினோ குதிரை இழுக்கிற வண்டி. அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்த, ஆஸ்துமாக்காரரான ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் 1908இல் கையில் தள்ளுகிற மின்மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கித் தொழிலாக்கியவர்தான் ஹூவர்.

சரி, திறப்போம். நம் கடற்கரை வீட்டு மெஷினைத் திறந்தால் முதலில் தெரிவது அலுமினிய விசிறி மேல் பூத்த வெள்ளைப் பொடி. காற்றில் வருகிற உப்பு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த உப்புநீர் நடுவில் இருக்க, அலுமினிய விசிறியும் இரும்பு அச்சும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகின்றன. அதில் கரைவது அலுமினியம். பொடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தினால் போதும். இதழ்களைப் பளபளப்பாக்க ராவக் கூடாது. ஒரு பக்கம் எடை குறைந்தால் 15,000 சுற்றில் அது பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது கம்யூட்டேட்டர். செம்புக் கட்டைகள் வட்டமாக அடுக்கி, நடுநடுவே மைக்கா வைத்த உருளை. அதன் மேல் இரண்டு கார்பன் கட்டைகள் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கின்றன. செம்பு சாக்லேட் நிறத்தில் சீராக இருந்தால் கை வைக்காதீர்கள். செம்பு ஆக்சைடும் கிராஃபைட்டும் சேர்ந்த படலம் அது. அது இருந்தால்தான் கார்பன் வழுக்கிக்கொண்டு ஓடும். கருகித் திட்டுத்திட்டாக இருந்தால் மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாக. எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தி இரண்டு கட்டைகளைச் சேர்த்துவிடும். செம்பு தேய்ந்து மைக்கா எழும்பி நின்றால் கார்பன் துள்ளும், பொறி பறக்கும். உடைந்த ஹாக்ஸா பிளேடால் அந்த மைக்காவைச் சுரண்டி, செம்பைவிட அரை மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. எனக்கு இதில்தான் ருசி.

கார்பன் கட்டையில் உள்ள கிராஃபைட் வழுக்குவதற்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது, அங்கே உள்ள வறண்ட காற்றில் ஜெனரேட்டர் கார்பன்கள் சீக்கிரமே பொடிப்பொடியாகத் தேய்ந்தன. ஆக, அலுமினியத்தைத் தின்கிற நம் ஈரக்காற்று கார்பனுக்கு நல்லது செய்கிறது.

கார்பன் கால் அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுசு போட வேண்டும். கம்பெனி கார்பன் கிடைக்காது. வடசேரிப் பக்கம் ஒரு மிக்ஸிக் கடைக்காரர், “மிக்ஸிக்க கார்பன்தான் மக்கா இதுக்கும், கொஞ்சம் ராவி விட்டா போதும்” என்றார். உண்மைதான். கூட்டுக்குள் ஆடாமல், ஆனால் ஸ்பிரிங் தள்ளினால் தடையில்லாமல் சறுக்குகிற அளவுக்கு ராவ வேண்டும். பிறகு உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரிய கம்யூட்டேட்டர் மேல் சுற்றி, கையால் நாலு சுற்று சுற்றினால் கார்பனின் முகம் உருளையின் வளைவுக்குப் படிந்துவிடும். தூளை ஊதித் தள்ளிவிடுங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் சில கட்டாயங்கள். அக்காலத்து மெஷின்கள் பலவற்றுக்கு இரும்பு உடம்பு, இரண்டே கம்பி உள்ள வயர், எர்த் கிடையாது. மூன்று கம்பி வயர் போட்டு உடம்பை எர்த் செய்துவிடுவது உயிர் விஷயம். ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த பழைய பேப்பர் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள், வெடிக்கும். மின்கசிவைப் பார்க்கிற மீட்டரான 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெகாஓம் கூட இல்லையென்றால் வெயிலில் உலர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் சீரீஸ் லாம்ப் வழியே, அதாவது மெஷினோடு ஒரு பல்பை வரிசையாக இணைத்து. 100 வாட்ஸ் குண்டு பல்பு எரிந்து மோட்டார் மெல்லச் சுற்றினால் பரவாயில்லை. பல்பு முழுசாக எரிந்து மோட்டார் அசையவில்லை என்றால் ஒன்று ஷார்ட், இல்லை பேரிங் இறுகியிருக்கிறது. விசிறியைக் கழற்றிவிட்டு, பல்பு இல்லாமல் நேராக மின்சாரம் கொடுப்பது மட்டும் கூடாது. சுமையில்லாத சீரீஸ் மோட்டாரின் வேகம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மோட்டார் ஓடியபிறகும் பாதி மெஷின்கள் தூசியை எடுக்காது. காரணம் கசிவு. ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்திருக்கும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குவதால் வருகிற வினை. குலசேகரம், அருமனை எல்லாம் ரப்பர் மரமாக நிற்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், இந்த வேலைக்கு நம் ரப்பர் தோது இல்லை. டயருக்குள் போடுகிற, பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் டியூபை வெட்டிப் போடுங்கள். அதில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் வெடிக்காது. தூசி சேருகிற துணிப் பையைத் துவைத்தும் கனமாகவே இருந்தால் அதன் கண்களில் நுண்தூசி அடைத்திருக்கிறது. அடர்த்தியான பருத்தித் துணியில் டெய்லரிடம் புதுசு தைத்துக்கொள்ளலாம்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், கொத்தனாரின் லெவல் டியூப் போதும். மெஷினை மாடியில் வைத்து, டியூபின் ஒரு முனையைக் குழாய் வாயில் செருகிச் சுற்றிலும் டேப் ஒட்டி, மறுமுனையைக் கீழே உள்ள வாளித் தண்ணீரில் விடுங்கள். ஓட விட்டதும் தண்ணீர் டியூபில் ஏறும். ஒன்றரை மீட்டர் ஏறினால் 15 கிலோபாஸ்கல். அப்போது மோட்டார் சத்தம் கீச்சென்று உயரும். திணறுகிறது என்று பயப்படுவார்கள், ஆனால் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழைய மெஷின்களில் மோட்டாரைக் குளிரவைப்பதும் இதே காற்றுதான். தண்ணீர் ஏறிய உயரத்தைக் குறித்துக்கொண்டு ஐந்தாறு நொடியில் அணைத்துவிடுங்கள்.