பச்சை டிக்கை நம்பாதேங்கோ, சேர்வரை ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ

வன்னியில நான் பாக்கிற சேர்வர் முக்கால்வாசியும் மேசைக்குக் கீழ யூபிஎஸ்ஸோட கிடக்கிற பழைய டவர் தான். அரிசி ஆலை, பாமசி, சங்கக்கடை எண்டு எங்க போனாலும் இதே கதை, நெல்லுக் கணக்கு கடன் கணக்கு சம்பளம் எல்லாம் அதுக்குள்ள தான் கிடக்கு. பக்கப் இருக்கோ எண்டு கேட்டா "ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் எடுக்குது, பச்சை டிக் விழுது" எண்டுவினம். அந்த டிக் கொப்பி பண்ணி முடிஞ்சுது எண்டு மட்டும் தான் சொல்லும், அதில இருந்து மெசின் எழும்புமோ எண்டது வேற விசயம். பக்கப் டிஸ்க் எங்க எண்டு பாத்தா அதே டவருக்கு மேல, எப்பவும் குத்தினபடி!

2018 டிசம்பரில இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எவ்வளவு தண்ணி ஏறினது எண்டு எங்களுக்குத் தெரியும், மேசைக்குக் கீழ இருக்கிறது தான் முதல்ல நனையும். ரான்சம்வெயார் (ஃபைலைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ்) வந்தாலும் குத்தினபடி இருக்கிற டிஸ்க்கும் சேந்து தான் பூட்டுப்படும். 2023 ஆகஸ்டில அரசாங்கத்தின்ர கிளவுட்டுக்கே அது அடிச்சு, ஓஃப்லைன் பக்கப் இல்லாமல் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரைக்குமான ஈமெயில் எல்லாம் போச்சு.

அதால நான் எல்லாரிட்டையும் கேக்கிறது ஒண்டு தான், பழைய சேர்வர் உயிரோட இருக்கேக்கையே பக்கப்பை ஒரு வேர்ச்சுவல் மெசினில (பிசிக்குள்ள சொஃப்ட்வெயாரால ஓடுற இன்னொரு மெசின்) ரீஸ்டோர் பண்ணிப் பாருங்கோ. புதுச் சேர்வர் வாங்கத் தேவையில்லை, 16 ஜிபி ராம் உள்ள ஒரு நல்ல பிசி காணும், விண்டோஸ் புரோ எண்டா வேர்ச்சுவல் மெசின் ஓட்டுற ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கு, இல்லாட்டி அதே வேலை செய்யிற புரொக்ஸ்மொக்ஸ் சும்மா கிடைக்கும்.

கனபேர் தடக்குப்படுறது முதல் படியிலேயே. பழைய மெசின் லெகசி பயோஸில (பூட் ஆகிற பழைய முறை) ஓடினதெண்டா ஹைப்பர்-வியில ஜெனரேஷன் 1, யூஇஎஃப்ஐ (புது முறை) எண்டா ஜெனரேஷன் 2, இதை மெசின் உருவாக்கின பிறகு மாத்தேலாது, பிழையாத் தெரிவு செய்தா ரீஸ்டோர் வடிவா முடிஞ்சிருக்கும் ஆனா பூட் ஆகாது, பிறகு பக்கப் பழுது எண்டு ஆக்கள் அழுவினம். விண்டோஸின்ர சொந்த பக்கப் எண்டா இன்னொரு தொல்லை, பழைய டிஸ்க் 1 டிபி எண்டா உள்ள 200 ஜிபி தான் இருந்தாலும் புது டிஸ்க்கும் 1 டிபிக்குக் குறையக் கூடாது. அதுக்குப் பயப்பிடாதேங்கோ, தானா வளருற (டைனமிக்) வேர்ச்சுவல் டிஸ்க் ஒண்டு குடுத்தா உண்மையில எழுதுற அளவு இடம் தான் பிடிக்கும். பக்கப் ஃபோல்டரை வேற ஃபோல்டருக்குள்ள தள்ளி வைச்சிருந்தாலும் ரிகவரி அதைக் கண்டுபிடிக்காது, டிரைவின்ர முதல் மட்டத்தில அதே பேரோட இருக்கோணும்.

நீலத் திரையில "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" எண்டு வந்தா அனேகமா டிஸ்க் கொன்ட்ரோலரின்ர டிரைவர் இல்லை எண்டு அர்த்தம். ஹைப்பர்-வியில இது குறைவு. புரொக்ஸ்மொக்ஸில டிஸ்க்கை முதல் சாட்டாவாக் குடுத்து எழுப்பிப்போட்டு, விர்ட்ஐஓ (வேர்ச்சுவல் டிஸ்க்குக்கான) டிரைவர் போட்ட பிறகு விர்ட்ஐஓவுக்கு மாத்துங்கோ. லினக்ஸ் சேர்வர் எண்டாலும் இதே வருத்தம் தான், ரெஸ்கியூ மோடில போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகேக்க டிரைவர் குடுக்கிற ஃபைல்) திருப்பிக் கட்டோணும்.

இனி முக்கியமானது. எழும்பின மெசினை கடை நெட்வேர்க்கில குத்தாதேங்கோ! அதுக்கும் பழைய சேர்வருக்கும் ஒரே பேர், ஐபியும் ஒண்டாப் போகலாம், ரெண்டும் சண்டை பிடிக்கும், அதுக்கும் மேல உள்ள கிடக்கிற ஷெடியூல் எல்லாம் தானா ஓடத் தொடங்கி, காசு கட்டி முடிச்ச ஆக்களுக்கெல்லாம் கடன் எஸ்எம்எஸ் போகும், பிறகு கடை வாசலில நிண்டு ஆர் பதில் சொல்லுறது? பிரைவேட் சுவிட்ச் (வெளி நெட்வேர்க்கோட சேராத வேர்ச்சுவல் சுவிட்ச்) ஒண்டு போட்டுத் தனிய விடுங்கோ. டொமெய்ன் கொன்ட்ரோலர் (எல்லாரின்ர லொகினையும் பாக்கிற சேர்வர்) ரெண்டு இருக்கிற இடமெண்டா இதில இன்னும் கவனம் வேணும், தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்தில வைச்சுச் செய்யுங்கோ.

டெஸ்க்டொப் வந்த உடன கை தட்டாதேங்கோ. கணக்கு சொஃப்ட்வெயாரைத் திறந்து கடைசி பில் நம்பரையும் திகதியையும் பழைய சேர்வரோட ஒப்பிட்டுப் பாக்கோணும், ஏனெண்டா ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸ் ஃபைலைச் சும்மா இழுத்துக் கொப்பி பண்ணியிருந்தா அது திறக்காமலே போகலாம். எவ்வளவு நேரம் எடுத்தது எண்டும் எழுதி வையுங்கோ. யூஎஸ்பி 2 டிஸ்க் செக்கனுக்கு 30 எம்பி மாதிரித் தான் குடுக்கும், 500 ஜிபிக்கு நாலரை மணித்தியாலத்துக்கு மேல வரும், இடையில கரண்ட் போனா கடை யூபிஎஸ் அவ்வளவுக்குத் தாங்குமோ?

பக்கப் எடுத்த அண்டைக்கு இருந்த அட்மின் பாஸ்வேர்டும் பிட்லொக்கர் கீயும் (டிஸ்க்கின்ர பூட்டைத் திறக்கிற நம்பர்) பேப்பரில எழுதி வேற இடத்தில இருக்கோணும். சில கணக்கு சொஃப்ட்வெயார் மாக் அட்ரஸை (நெட்வேர்க் காட்டின்ர நம்பர்) பாத்துத் தான் திறக்கும், அதை வேர்ச்சுவல் மெசினில பழைய நம்பராவே போடலாம். யூஎஸ்பி டொங்கிள் (லைசன்ஸுக்குக் குத்துற குட்டி யூஎஸ்பி) எண்டா கொஞ்சம் கஷ்டம், ஹைப்பர்-வி அதை நேர உள்ள விடாது. வித்த ஆளுக்கு இண்டைக்கே கோல் எடுத்துக் கேட்டு வையுங்கோ, வெள்ளம் வந்த பிறகு கேட்டா புது லைசன்ஸ் வாங்கச் சொல்லித் தான் சொல்லுவினம்.