பதினைந்து நாளில் சாஃப்ட்வேர் கேட்கும் மாங்கூழ் ஆலைக்காரர்களுக்கு

சீசன் நடுவில் ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்தால் என்ன விஷயம் என்று இப்போதெல்லாம் எனக்குக் கேட்காமலே தெரிகிறது. போன வாரமும் அப்படித்தான். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எடைமேடையில் புது சாஃப்ட்வேர். அன்றைக்குக் காலையில் விலை இறங்கியிருக்கிறது. குமாஸ்தா புது விலையைப் போட்டதும் முந்தின நாள் இறக்கிய லோடுகளின் தொகையும் சேர்ந்து குறைந்துவிட்டது. நேற்றைய விலை போட்ட சீட்டோடு விவசாயி வந்து நிற்கிறார், கம்ப்யூட்டர் வேறு தொகை காட்டுகிறது. இந்த சீசனில் இப்படி என்னைக் கூப்பிட்ட மூன்றாவது ஆலை இது.

விலையை அந்தந்த லோடோடு சேர்த்துப் பதிய வேண்டும். இவர்கள் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் முதல் வருஷம் படிக்கிற பாடம் இது.

"அஜைல் முறைன்னு சொன்னாங்க தம்பி, பதினஞ்சே நாள்ல முடிச்சுக் குடுத்தாங்க" என்றார் முதலாளி. எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தையில்தான்.

அஜைல் என்பது சாஃப்ட்வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போகிற முறை. அஜைல் என்றால் சீக்கிரம் முடிப்பது என்று யார் சொன்னது? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் சாஃப்ட்வேர்காரர்கள் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை அது. அதையொட்டி 12 கொள்கைகள். மொத்த வேலையையும் பதினைந்து நாளில் முடி என்று அதில் எங்கேயும் கிடையாது. ஓடுகிற சாஃப்ட்வேரை இரண்டு வாரத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு தடவை கையில் கொடுத்துக்கொண்டே இரு என்று இருக்கிறது. தொழில் தெரிந்தவரும் புரோகிராம் எழுதுகிறவரும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இந்த இரண்டாவதை யாருமே படிப்பதில்லை.

உங்கள் ஆலையை வைத்தே சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் எடைச் சீட்டு மட்டும் வரும்: லோடு வண்டி எடை, காலி வண்டி எடை, நிகர எடை. குமாஸ்தா அதைப் பழைய சீட்டுப் புத்தகத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பார். "அழுகலுக்குக் கழிக்கிறதை எங்கே போடறது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி இரண்டாவது வாரத்திலேயே வந்துவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த முறையே. அடுத்த சுற்றில் கழிவும் விலையும். "நாளைக்கு விலை மாறினா?" என்று அவரே கேட்டிருப்பார். அதற்கடுத்து விவசாயி கணக்கு, முன்பணம். தப்பு சின்னதாக இருக்கும்போதே அகப்படும். இதில் வேகம் என்பது அதுதான். முழு வேலையும் முடிய மூன்று, நான்கு மாதம் ஆகலாம்.

டெமோவுக்குக் கூப்பிட்டால், "நீங்களே பாத்துப் பண்ணுங்க தம்பி, முடிஞ்சதும் சொல்லுங்க" என்கிறீர்கள். அப்புறம் அது எந்த அஜைல்? கெடுவை மட்டும் குறுக்கிய பழைய முறை.

ஓசூர், பெங்களூரு கம்பெனிகளில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து வேலை பிடிக்கிற தம்பிகளுக்கும் சொல்கிறேன். "டெஸ்ட் எழுதறதுக்கெல்லாம் அஜைல்ல நேரம் கிடையாது" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். டெஸ்ட் என்பது, புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற சின்ன புரோகிராம். தொழில்நுட்பத் தரத்தில் விடாத கவனம் வேண்டும் என்பதும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புரோகிராமை மாற்றுகிறவனுக்குத்தான் தானியங்கி டெஸ்ட் அதிகம் தேவை. பணம் கணக்காகிற இடத்துக்காவது எழுதுங்கள். நேற்று பத்து டன், இன்று விலை மாறியது, நேற்றைய தொகை மாறக் கூடாது. சில வரிதான். அதை எழுதியிருந்தால் அந்த விவசாயி அன்றைக்கு வாசலில் நின்றிருக்க மாட்டார்.

மே மாதம் வந்து புது சாஃப்ட்வேர் கேட்காதீர்கள். லோடு இறங்குகிற நாட்களில் ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்க விடாதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், முந்தின பதிப்புக்குத் திரும்ப எத்தனை நிமிஷம் ஆகும் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேக்கப் எடுத்தால் போதாது, அதிலிருந்து ஒரு தடவை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் சீசன் முழுக்கச் சீட்டுப் புத்தகமும் கூடவே ஓடட்டும். பணத்தைச் சுற்றுக்குச் சுற்று, ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

சீசன் முடிந்து மிஷின்களைக் கழுவி வைத்த பிறகு கூப்பிடுங்கள் அண்ணா, அப்போது ஆரம்பித்தால் நிதானமாகச் செய்யலாம். நீங்கள் வர முடியாத நாளில், எடைமேடையில் உட்காருகிற அந்தக் குமாஸ்தாவை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார விடுங்கள். அவர் சொல்வதை மாற்றிக்கொள்ள எங்களுக்கு அனுமதியும் கொடுங்கள்.